தாழம்பூ வாசனை வரும் வழி

நயினாதீவு நாகபூசணி அம்மனைக் கும்பிட நம் தோட்டங்களிலிருந்தும் குடும்பங்கள் போய் வருகின்றன. குறிகட்டுவானில் படகு ஏறும் அந்தத் தீவுப்பகுதியில், கடலோர மணல்மேட்டில், நீண்ட முள் ஓலையோடு நிற்கும் புதர்தான் தாழை. அன்னாசி மாதிரிக் காய் தொங்கினால் அது பெண் தாழை. அதில் பூ மணம் தேடிப் பயனில்லை. நாம் தலையில் வைக்கும் வாசனைத் தாழம்பூவை ஆண் புதர்தான் தரும்.

நம் பாட்டிமார் அந்த மடலை ஒடித்துச் சேலைப் பெட்டிக்குள் வைப்பார்கள். பூச்சிக்கும் ஆகும், வாசனைக்கும் ஆகும். வாசனைக்குப் பாம்பு வரும் என்று பயமும் காட்டுவார்கள். பாம்பு ஒதுங்குவது வாசனைக்கல்ல. அடர்ந்த முள்ளும் நிழலும் அதற்கு நல்ல மறைவிடம், அவ்வளவுதான். பிரமனுக்காகப் பொய்ச்சாட்சி சொன்னதால் சிவபூசைக்கு ஆகாத பூ என்ற கதையும் இதற்கு உண்டு.

இந்த வாசனையை எண்ணெயாக எடுக்கும் தொழில் இந்தியாவில் ஒரிசா கடற்கரையில், கஞ்சம் மாவட்டத்தில் நடக்கிறது. அங்கே வயல் வரப்புகளில் வேலியாகத் தாழையை நட்டிருக்கிறார்கள். மழைக்காலமான ஜூலை முதல் செப்டம்பர் வரைதான் பூ அதிகம். நம் ஊவாத் தேயிலைக்கு வாசம் ஏறுவதும் அதே மாதங்களில்தான்; இங்கே காய்ந்த காற்றால், அங்கே மழையால்.

பூவை விடியற்காலையிலேயே பறித்துவிட வேண்டும். வெயில் ஏறினால் வாசம் போய்விடும். நாம் கொழுந்தை நிறுத்துப் போடுகிறோம். அங்கே பூவை எண்ணித்தான் விலை. முள் ஓலைக்குள் கைவிட்டு எடுக்கிற பூ ஒவ்வொன்றுக்கும் அப்படித்தான் காசு.

பறித்த பூவைச் செப்பு அண்டாவில் தண்ணீரோடு போட்டு, மூடியை மண்ணால் பூசி அடைத்து, விறகடுப்பில் எரிப்பார்கள். ஆவி மூங்கில் குழாய் வழியாகத் தண்ணீர்த் தொட்டிக்குள் இருக்கும் இன்னொரு செப்புப் பாத்திரத்துக்குப் போய்க் குளிரும். அதில் முன்கூட்டியே சந்தன எண்ணெய் ஊற்றி வைத்திருந்தால் அத்தர் கிடைக்கும். சந்தனம் விலையேறிய பிறகு பலர் அதற்குப் பதில் பாரஃபின் எண்ணெய் ஊற்றுகிறார்கள். எண்ணெய் எதுவும் ஊற்றாவிட்டால் கிடைப்பது தாழம்பூத் தண்ணீர். பிரியாணிக்கும் இனிப்புக்கும் தெளிப்பது அதைத்தான்.

அந்த மணத்தில் பெரும்பகுதி ஒரே ஒரு பொருள்: பீனைல் எத்தில் மீத்தைல் ஈதர். ரோசாப்பூவுக்கு மணம் தருவது பீனைல் எத்தில் அல்ககோல். அது நம் தேயிலையிலும் உண்டு. இரண்டும் நெருங்கிய உறவுதான். வந்த வினையும் இதுதான். இந்த ஈதரைத் தொழிற்சாலையில் மலிவாகச் செய்துவிடலாம். கடையில் சின்னப் போத்தலில் கிடைக்கும் எசன்ஸ் பலவற்றில் பூவே கிடையாது. மூக்கு அதை ஏற்றுக்கொள்கிறது; முள்ளில் கை கிழிந்தவரின் பூவுக்குத்தான் விலை இறங்குகிறது. இதற்கு மேல் புயல் வேறு. 2013 அக்டோபர் 12ஆம் திகதி பைலின் புயல் கோபால்பூர் அருகே கரையேறியபோது தாழை வேலிகளும் நாசமாகின.

நம் தீவுகளில் இதே தொழிலைத் தொடங்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. எங்களுக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை. அண்டாவுக்கு நல்ல தண்ணீரும் நிறைய விறகும் வேண்டும். நெடுந்தீவில் குடிக்கிற தண்ணீரே கஷ்டம். ஆனாலும் தாழையை வெட்டிக் கரையைத் துப்புரவு செய்வது நல்லதல்ல. அதன் விழுதுவேர் மணலைப் பிடித்து வைத்திருக்கிறது.

கடற்கரைப் பக்கம் உறவுக்காரர் இருந்து, வேலியோரம் நட ஆசைப்பட்டால், பூத்த ஆண் புதரைப் பார்த்துக் கிளையை வெட்டி ஊன்றச் சொல்லுங்கள். ஆண் புதரின் கிளை ஆணாகவே வளரும். விதை போட்டால் ஆணா பெண்ணா என்று அது பூக்கும்வரை தெரியாது.