மேட்டிலே சைக்கிள்: ஏறுவதும் இறங்குவதும்



சென்ற சித்திரைப் புத்தாண்டு விளையாட்டுப் போட்டியில் ஒரு பையன் சைக்கிளோடு இறக்கத்தில் விழுந்து, தோள்பட்டை எலும்பு முறிந்தது உங்களுக்கு ஞாபகமிருக்கும். முடிவுக் கோட்டை இறக்கத்தின் அடியிலே போட்டது நாங்கள்தான். அது எங்கள் பிழை. "மலையிலே இந்த சைக்கிள் ஓட்டம் தேவைதானா?" என்று பெற்றோர் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆகவே வேறு நாட்டில், நம்மைப்போல மேடு பள்ளமான இடத்தில், இதை எப்படி நடத்துகிறார்கள் என்று தேடிப் படித்தோம்.

இங்கிலாந்தின் வடமேற்கில் லேக் டிஸ்ட்ரிக்ட் என்று ஒரு மலைநாடு. ஏரிகள், கல் மதில்கள், எங்கே பார்த்தாலும் செம்மறி ஆடு. அங்கே ஒரு சைக்கிள் கழகத்தின் போட்டிச் செயலாளராக இருந்த ஃப்ரெட் விற்றன் என்பவர் 1998இல் புற்றுநோயால் இறந்தார். வயது 50. அவர் நினைவாக 1999இல் தொடங்கியது ஃப்ரெட் விற்றன் சலேஞ்ச். ஒரே நாளில் 112 மைல், அதாவது 180 கிலோமீற்றர். வழக்கமாக மே மாதத்தில் நடக்கும். தொண்டர்கள் நடத்துகிறார்கள், சேரும் பணம் புற்றுநோயாளர் உதவி போன்ற தர்ம காரியங்களுக்குப் போகிறது. விண்ணப்பம் அதிகம் என்பதால் சீட்டுக் குலுக்கித்தான் ஆளை எடுக்கிறார்களாம்.

கிரஸ்மியர் என்ற ஊரில் புறப்பட்டு கேர்க்ஸ்டன், ஹொனிஸ்டர், நியூலண்ட்ஸ், வின்லாட்டர், ஹார்ட்நொட், றைனோஸ் என்று ஆறு கணவாய்களைத் தாண்டித் திரும்ப வேண்டும். ஹார்ட்நொட்டின் உச்சி 393 மீற்றர்தான். நம்ம நுவரெலியா 1,868 மீற்றர்! 'இது ஒரு மலையா?' என்று சிரிக்காதீர்கள். நாங்களும் முதலில் சிரித்தோம். கஷ்டம் உயரத்தில் இல்லை, சரிவில் இருக்கிறது. ஹார்ட்நொட்டில் சில இடத்தில் மூன்று அடி முன்னே போனால் ஒரு அடி மேலே ஏற வேண்டும். தேயிலை மலையில் குறுக்கு வழியாக ஏறுகிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அதுவும் கிட்டத்தட்ட நூறு மைல் மிதித்துக் களைத்த பிறகுதான் அந்த ஏற்றம் வருகிறது. நல்ல ஓட்டக்காரர்கள்கூட இறங்கி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவார்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

அங்கே இதைப் போட்டி என்று நடத்துவதில்லை. றோட்டை மூடுவதுமில்லை, கார், லொறி வழமைபோல ஓடும். கெட்டிக்காரர்கள் ஆறு மணித்தியாலத்துக்குக் கிட்ட முடித்துவிடுவார்கள். வேலைக்குப் போய்க்கொண்டு லீவு நாளில் பழகியவருக்கு எட்டு, பத்து மணித்தியாலம் பிடிக்கும். அவருக்கும் மரியாதைதான்.

ஏறுவதற்கு இரண்டு காரியம் வேண்டும். ஒன்று, முன்னே சின்னப் பல்லுச் சக்கரம், பின்னே பெரிய பல்லுச் சக்கரம். அப்போது மிதி லேசாகும், சைக்கிள் மெதுவாகப் போகும். நம்ம பையன்களின் சைக்கிளில் பெரும்பாலும் ஒற்றைப் பல்லுச் சக்கரம்தான். ஆகவே செங்குத்து வந்தால் தள்ளுங்கள். மற்றது சாப்பாடு. உடம்பில் சேர்ந்திருக்கும் சர்க்கரைச் சத்து, கடுமையாக மிதித்தால் இரண்டு மணித்தியாலம் அளவுதான் தாங்கும். பசி எடுத்த பிறகு சாப்பிட்டால் பிந்திவிட்டது. காலைத் தேத்தண்ணி தவறினால் பதினொரு மணிக்குக் கை எப்படி ஓயும் என்பது கொழுந்து எடுக்கும் அம்மாமாருக்குத் தெரியும். அதே கணக்குத்தான். அங்கே வழியில் உணவு நிலையங்கள் வைத்திருக்கிறார்கள்.

இனி இறக்கம். ஆபத்து இங்கேதான். நெடுக பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வந்தால் ரிம் சூடேறும், உள்ளே காற்று விரிந்து டியூப் வெடிக்கலாம். ஆகவே வளைவுக்கு முன்னாலேயே நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, பிறகு விட்டுவிட வேண்டும். வளைவுக்குள் போன பிறகு அழுத்திப் பிடித்தால் சக்கரம் வழுக்கும். மழையில் ரிம் நனைந்தால் பிரேக் பிடிக்கக் கூடத் தூரம் ஆகும். இப்போது பலர் டிஸ்க் பிரேக் போட்ட சைக்கிள் வைத்திருக்கிறார்கள். நம்மிடம் உள்ளது ரப்பர் கட்டைதான். விழுந்த பையனின் சைக்கிளைப் பிறகு பார்த்தோம். முன் பிரேக் கட்டை தேய்ந்து இரும்பு தெரிந்தது. ஓட்டத்துக்கு முன்னால் அதை யாரும் பார்க்கவில்லை, நாங்களும் பார்க்கவில்லை. ஹெல்மெட்டும் இல்லை. அங்கே ஹெல்மெட் இல்லாவிட்டால் ஓட விடமாட்டார்கள்.

வரும் சித்திரைக்கு முடிவுக் கோட்டை மேலே, கொழுந்து மடுவத்துக்குப் பக்கத்தில் போடுகிறோம். இறக்கத்தில் நேரம் எடுக்கமாட்டோம். முதல் நாள் பின்னேரம் நான்கு மணிக்கு எல்லா சைக்கிளையும் கொண்டு வாருங்கள், பிரேக் பார்க்க வேண்டும். கட்டை தேய்ந்திருந்தால் புதுசு நாங்கள் வாங்கித் தருகிறோம். அந்தப் பையனும் பெயர் கொடுத்திருக்கிறான். அவனுடைய அம்மா இன்னும் சம்மதிக்கவில்லை.