திடக்கழிவைச் சிதைக்கும் நொதி எது? ஒளிர்ந்து காட்டும் சோதனைக் குழாய்

புது தில்லி: ஹைதராபாதின் போயின்பள்ளி காய்கறிச் சந்தையில் நாள்தோறும் சேரும் சுமார் 10 டன் கழிவிலிருந்து 500 யூனிட் மின்சாரமும் 30 கிலோ உயிரி எரிபொருளும் பெறப்படுவதாக 2021 ஜனவரியில் பிரதமர் நரேந்திர மோடி தமது வானொலி உரையில் பாராட்டினார். அந்த ஆலை, அந்நகரிலேயே உள்ள இந்திய ரசாயனத் தொழில்நுட்பக் கழகத்தின் (ஐ.ஐ.சி.டி.) தொழில்நுட்பத்தால் இயங்குவது. இத்தகைய ஆலைகளில் பொதுவாகத் தாமதம் ஏற்படும் கட்டம் ஒன்றே: தண்டும் தோலும் நாருமான திடப்பொருள், நீரில் கரையும் சிறு மூலக்கூறுகளாக உடைவது. அதைச் செய்பவை என்சைம் எனப்படும் நொதிகள்.

பிளாஸ்டிக்கில் இச்சிக்கல் மேலும் கடுமையானது. 2020-21-ம் ஆண்டில் நாட்டில் 41 லட்சம் டன்னுக்கும் அதிகமான பிளாஸ்டிக் கழிவு உருவானதாக மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கணக்கிட்டது. பெட் புட்டிகளைத் தின்னும் பாக்டீரியாவை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2016-ல் அறிவித்தனர். பிரான்ஸின் கார்பியோஸ் நிறுவனமும் துலூஸ் ஆய்வாளர்களும் திருத்தியமைத்த வேறொரு நொதி, 10 மணி நேரத்தில் 90 சதவீத பெட்டைச் சிதைத்ததாக 2020-ல் செய்தி வந்தது.

நொதியைத் திருத்த எண்ணற்ற மாற்று வடிவங்களைச் சோதிக்க வேண்டும். திடப்பொருளோ செல்லுக்குள் நுழையாது. எனவே ஒவ்வொரு வடிவத்தையும் பாக்டீரியாவில் வளர்த்து, பிரித்தெடுத்து, தூய்மைப்படுத்திச் சோதிப்பதில் நாள்கள் கழிகின்றன.

செல் இல்லா உயிரி உணரி இக்காத்திருப்பைக் குறைக்கிறது. பாக்டீரியாவை உடைத்து, புரதம் தயாரிக்கும் கருவிகள் அடங்கிய சாறு மட்டும் எடுக்கப்படுகிறது. அதில் மரபணுவை இட்டால் சில மணி நேரத்தில் நொதி உருவாகும். அது பெட் துகளைச் சிதைத்தால் டெரிப்தாலிக் அமிலம் வெளிப்படும்; அந்த அமிலத்தை உணரும் புரதம் வேறொரு மரபணுவை முடுக்கிவிட, குழாய் ஒளிரும். சாற்றைப் பயன்படுத்தும் உத்தி பழையதுதான். மரபுக் குறியீட்டின் முதல் சொல்லை நீரன்பர்க் 1961-ல் படித்ததே இவ்வாறுதான். 1968-ல் அவருடன் நோபல் பரிசைப் பகிர்ந்தவர்களுள் பிரிவினைக்கு முந்தைய இந்தியாவில் பிறந்த ஹர்கோவிந்த் குரானாவும் ஒருவர்.

ஆயினும், ஒளிரும் குழாயெல்லாம் ஆலைக்கு உதவாது. சாறு இயங்குவது சுமார் 30 டிகிரி செல்சியஸில். பெட் இளகுவதோ 70 டிகிரியை ஒட்டி. சூட்டில் சிதைத்த பிறகு அந்நீரைத் தனியே உணரிக்குக் கொடுப்பதே ஏற்ற வழி.

ஹைதராபாதின் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையம் (சி.சி.எம்.பி.), 1977-ல் இன்றைய ஐ.ஐ.சி.டி. வளாகத்தில்தான் தொடங்கப்பட்டது. மரபணு அறிவும் கழிவு ஆலை அனுபவமும் ஒரே சாலையில் இருக்கின்றன. 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பயோ-இ3 கொள்கையின் நிதி, புதுக் கட்டடங்களைத் தேடுமுன் இத்தகைய அண்டை வீட்டாரை இணைக்கச் செல்வது நலம்.

ஒன்றை மறப்பதற்கில்லை. சாக்கடைகளை அடைக்கும் பைகள் பெரும்பாலும் பெட் அல்ல, பாலிஎத்திலீன். அதன் கார்பன் பிணைப்புகளை நீரைக் கொண்டு வெட்ட இயலாது. அதற்கென ஆலையில் பயன்படுத்தத்தக்க நொதி இன்னும் கிடைக்கவில்லை.