ஹேங்கர் சத்தம்

ஒற்றை டிக்கெட் - 9

அலமாரிக்குள் தொங்கிய ஹேங்கர்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்ட சத்தத்தில்தான் விழித்தேன். மணி இரண்டு பத்து. யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். டக் டக் டக்கென்று மூன்று, கொஞ்சம் இடைவெளி, திரும்ப மூன்று. விளக்கைப் போட்டால், மேசை மேல் வைத்திருந்த தம்ளர் தானாக நகர்ந்து வந்து விளிம்பில் முட்டி நின்றது. வயல் வரப்பு மாதிரி மேசையைச் சுற்றி ஒரு சின்ன மேடு வைத்திருந்தார்கள். பகலில் அதைப் பார்த்து, துடைக்க எவ்வளவு சிரமம் என்று மனதுக்குள் குறை சொல்லியிருந்தேன்.

அடுத்த நொடி படுக்கையின் தலைமாடு உயர்ந்தது. பிறகு கால்மாடு. வயிறு மட்டும் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தது.

சென்ற வாரம், சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறியதோடு நிறுத்தியிருந்தேன். திருவள்ளூரில் மின்சார ரயிலைப் பிடித்துக் கடற்கரை ஸ்டேஷனில் இறங்கி, எதிரே இருக்கும் துறைமுகத்துக்குப் பெட்டியை உருட்டிக்கொண்டு போன கதை. திருப்பாச்சூரில் எங்கள் தெருவில் அதற்குள் செய்தி பரவியிருந்தது. "இன்னாக்கா, தனியாவா போற? கூட யாரும் வர்லியா?" என்று பால்காரம்மா தொடங்கி, வாசீஸ்வரர் கோயில் வாசலில் பூ கட்டுகிறவர் வரை எல்லோருக்கும் அதே கேள்வி. வீட்டுக்காரர் வராததற்குக் காரணம் எளிது. திருப்பதி மலைப்பாதை பஸ்ஸே அவருக்கு ஆகாது. அலிபிரி வருவதற்கு முன்பே எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொள்வார். கப்பல் என்றதும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

எனக்கு மலைப்பாதையில் எதுவும் செய்யாது. அந்தத் திமிரில்தான் ஏறினேன்.

இது 2023 ஜூலை. சென்னையிலிருந்து இலங்கைக்குச் சொகுசுக் கப்பல் விடத் தொடங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, 2022 ஜூன் 4 அன்று, முதலமைச்சர் ஸ்டாலின் இதே 'எம்பிரஸ்' கப்பலைச் சென்னையில் கொடியசைத்து அனுப்பினார். அப்போது விசாகப்பட்டினமும் புதுச்சேரியும்தான் திட்டம். கப்பலில் சூதாட்டம் உண்டு என்று எதிர்ப்பு கிளம்ப, புதுச்சேரி அனுமதி தரவில்லை. 2023 ஜூன் 5 முதல் இலங்கை: அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை. கப்பல் ஒன்றும் புதிதில்லை. 1990ல் பிரான்சில் கட்டியது. 211 மீட்டர் நீளம், பதினோரு தளம். முதலில் 'நார்டிக் எம்பிரஸ்' என்ற பெயரில் அமெரிக்கப் பக்கம் ஓடியது. பின்னால் நம்மவர்கள் வாங்கி வந்தார்கள்.

மழைக்காலத்தில் மும்பையை விட்டு இந்தக் கப்பல் ஏன் சென்னைக்கு வருகிறது என்பதில்தான் என் ராத்திரிக் கதையும் இருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அரபிக் கடலைப் புரட்டி எடுக்கும். கிழக்கே நமக்கு அவ்வளவு தொந்தரவில்லை. அதனால் அந்த நாலு மாதம் வங்கக் கடல் பக்கம் ஒதுங்குகிறார்கள். இலங்கையின் கிழக்குக் கரையை ஒட்டித் தெற்கே இறங்கும் வரை அந்தத் தீவே காற்றுக்கு மறைப்பாக நிற்கிறது. முதல் நாள் மாலையும் மறுநாள் பகலும் கடல் ஏரி மாதிரி கிடந்தது. எங்கள் பூண்டி ஏரியில் மாசி மாதம் அலை இதைவிட அதிகம் என்று டைரியில் எழுதியிருக்கிறேன், மடத்தனமாக. அம்பாந்தோட்டை இருப்பதோ தீவின் தென்கரையில். தென்கிழக்கு மூலையைச் சுற்றிக்கொண்டு கப்பல் மேற்கே முகம் திருப்பியதும் மறைப்பு போய்விடுகிறது. யாழ்ப்பாணத்தார் சோளகம் என்று சொல்லும் காற்று, ஆயிரக்கணக்கான மைல் வெற்றுக் கடலில் திரட்டிக்கொண்டு வந்த அலையோடு முகத்தில் அறைகிறது. சென்னையிலிருந்து மாலையில் கிளம்பிய கப்பல் அந்த மூலைக்கு வந்து சேர்ந்தது மறுநாள் நடுராத்திரியில்.

இந்த அளவுள்ள பயணிகள் கப்பல்களுக்கு நீருக்கடியில் இரண்டு பக்கமும் மீன் துடுப்பு மாதிரி இறக்கைகள் இருக்கும். இடமும் வலமும் சாயும் ஆட்டத்தை அவை பெருமளவு அடக்கிவிடும். அணியம் ஏறி இறங்கும் ஆட்டத்துக்கு அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது. கிணற்றில் தண்ணீர் இறைக்கும் ஏற்றத்தைப் பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும். மரத்தின் இரண்டு நுனியும் ஆளுயரம் ஏறி இறங்கும், நடு அச்சு அப்படியே இருக்கும். என் அறை கப்பலின் முன் நுனியில், உயரமான தளத்தில். விலை மலிவு என்று எடுத்தது. ஏற்றத்தின் நுனியில் கட்டிய சால் நான்தான்.

மலிவு என்றேனே, அதையும் சொல்லிவிடுகிறேன். கப்பல் கட்டணம் எல்லாமே அறைக்கு இரண்டு பேர் என்ற கணக்கில் போடுவது. தனியாகப் போனால் வராத ஆளுக்கும் சேர்த்து அழவேண்டும். பல நேரம் இரண்டு பேர் காசுக்குப் பக்கத்தில் வந்துவிடும். உலகம் முழுக்க இதே வழக்கம்தான். 2010ல் 'நார்வீஜியன் எபிக்' என்ற கப்பலில் ஒற்றை ஆளுக்கென்றே 128 சின்ன அறைகள் கட்டினார்கள். நான் போனபோது நம் பக்கம் அந்த யோசனை வந்திருக்கவில்லை. பென்ஷன் பணத்தில் போகிறவள், அறை எங்கே இருக்கிறது என்று கேட்காமல் எவ்வளவு என்று மட்டும் கேட்டேன். கேட்க வேண்டிய முதல் கேள்வியை விட்டுவிட்டேன். நடுவில், கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று இப்போது சொல்வேன்.

மூன்று மணிக்குள் இரண்டு முறை வாந்தி. பாத்ரூம் தரையில் உட்கார்ந்து கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பயமாக இருந்ததா என்று பலர் கேட்கிறார்கள். கப்பல் கவிழும் என்ற பயம் ஒரு நிமிடம்கூட வரவில்லை. வந்தது வெட்கம். ஐம்பத்தொன்பது வயதில், ஊரே வேண்டாமென்றதைக் கேட்காமல் வந்து, இப்படிச் சுருண்டு கிடக்கிறோமே என்று. அறையில் போன் இருந்தது. ஒரு எண்ணை அழுத்தினால் ஆள் வருவார்கள். அழுத்தவில்லை. வீட்டில் என்றால் ஒரு முனகலுக்கு அவர் சுக்குக் கஷாயத்தோடு வந்து நிற்பார். இங்கே முனகிப் பார்த்தேன், ஹேங்கர்கள்தான் பதில் சொல்லின.

(அவற்றைக் கழற்றிப் படுக்கையில் போட்டிருக்கலாம் என்பது காலை ஆறு மணிக்குத்தான் தோன்றியது.)

விடியற்காலையில் துண்டு மாற்ற வந்த பையன்தான் என்னைக் காப்பாற்றினான். தூத்துக்குடிக்காரன். இந்தியில் தொடங்கி, என் முகத்தைப் பார்த்ததும் தமிழுக்கு வந்துவிட்டான்.

"என்னம்மா, ராத்திரி பூரா உள்ளயே கெடந்தீங்களா? உள்ள கெடந்தா இன்னும் கூடத்தான் செய்யும். எந்திரிச்சு வாங்க, நடுவுல போய் உக்காருங்க. தூரத்துல வானமும் தண்ணியும் சேர்ற எடத்தையே பாருங்க. செல்ல மட்டும் பாக்காதீங்க."

"எழுந்தா சுத்துதுப்பா."

"சுத்தும். ரெண்டு பிஸ்கட்டு தின்னுட்டு வாங்க. வெறும் வயிறுன்னா ரொம்பப் பொரட்டும். எங்கப்பா முப்பது வருசமா கடலுக்குப் போறாரு. பத்து நாள் வீட்ல இருந்துட்டுப் போனாருன்னா அவருக்கே மொத நாள் ஒரு மாதிரிதான் இருக்கும்."

அவன் சொன்ன ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. நம் உள்காதில் திரவம் நிரம்பிய மெல்லிய குழாய்கள் இருக்கின்றன. உடம்பு எந்தப் பக்கம் அசைகிறது என்று மூளைக்குச் சொல்வது அவைதான். மூடிய அறைக்குள் சுவரும் மேசையும் நம்மோடு சேர்ந்தே ஆடுவதால், எதுவும் அசையவில்லை என்கிறது கண். ஆடுகிறது என்கிறது காது. இந்த இரண்டு தகவலும் ஒத்துப்போகாததுதான் குமட்டலுக்கு அடிப்படை என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். தொடுவானத்தைப் பார்த்தால் கண்ணுக்கும் ஆட்டம் தெரிந்துவிடும், சண்டை குறையும். வீரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சார்லஸ் டார்வின் 1831 முதல் 1836 வரை 'பீகிள்' கப்பலில் உலகைச் சுற்றினார். அத்தனை ஆண்டும் கடல் அவருக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. உலர் திராட்சையைத் தின்றுவிட்டுத் தொங்கு படுக்கையில் கிடப்பாராம்.

என் கையில் உலர் திராட்சை இல்லை. இஞ்சி மரப்பா இருந்தது, திருவள்ளூர் கடைத்தெருவில் வாங்கியது. அதை ஒதுக்கிக்கொண்டு, கம்பியைப் பிடித்துப் பிடித்து ஐந்தாம் தளத்துக்கு வந்தேன். நடைவழிகளிலும் லிஃப்ட் பக்கத்திலும் கைப்பிடிக் கம்பிகளில் வெள்ளைக் காகிதப் பைகளை வரிசையாகச் செருகி வைத்திருந்தார்கள், கல்யாண வீட்டில் தாம்பூலப் பை வைக்கிற மாதிரி. எதற்கென்று கேட்கவேண்டியதில்லை. மேலே நீச்சல் குளத்தைக் காலி செய்து வலை போட்டிருந்தார்கள். முதல் நாள் அங்கே பாட்டுக்கு ஆடிய கூட்டம், பெரிய ஜன்னலோரம் போர்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. என்னைத் தவிர எல்லோரும் கூட்டத்தோடு வந்தவர்கள். அந்த நேரத்தில் அப்படித் தெரியவில்லை. கணவனும் மனைவியும்கூடப் பேசிக்கொள்ளாமல் ஆளுக்கொரு பை வைத்திருந்தார்கள். பக்கத்தில் இருந்த ஹைதராபாத் அம்மா ஒரு பச்சை ஆப்பிளை நறுக்கி எனக்குப் பாதி தந்தார். வாங்கிக்கொண்டு, மரப்பாவை நீட்டினேன். ஒரு மணி நேரம் நாங்கள் இருவரும் கடலும் வானமும் சேர்கிற கோட்டை, எதையோ தவறவிட்டுத் தேடுகிறவர்கள் மாதிரி, பார்த்துக்கொண்டே இருந்தோம். எட்டு மணிக்கு எனக்குப் பசித்தது.

மாத்திரை விஷயம். பையில் அவோமின் இருந்தது. குமட்டல் வந்த பிறகு போட்டேன், வந்த வழியே போய்விட்டது. இந்த மாத்திரைகளையெல்லாம் ஆட்டம் தொடங்குவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே போடவேண்டும். நல்ல தூக்கம் வரும், வாய் உலரும். கிளாக்கோமா, புராஸ்டேட் தொந்தரவு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. வாந்தி நிற்காவிட்டால் கப்பலில் உள்ள மருத்துவரிடம் போய்விட வேண்டும். தண்ணீர்ச்சத்து இறங்கித் தனியறையில் மயங்கிக் கிடந்தால் யாருக்குத் தெரியும்?

ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தபோது 'ரஜூலா' நினைவுக்கு வந்தது. 1926ல் கட்டிய அந்தக் கப்பல் 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. நம் ஊர்களிலிருந்து தோட்ட வேலைக்கும் கடை வேலைக்கும் போன ஆயிரக்கணக்கானோர் அதன் மேல்தளத்தில் பாயை விரித்துப் போனார்கள். பலர் தனி ஆள்தான். இருபது வயதுப் பையன், கூட ஒரு டிரங்குப் பெட்டி. பருவக்காற்றுக் காலத்திலும் கப்பல் போனது. அவர்களுக்கு இறக்கையும் கிடையாது, ஐந்தாம் தளமும் கிடையாது. இன்றும் சென்னையிலிருந்து அந்தமானுக்குப் பயணிகள் கப்பல் போகிறது, ஏறக்குறைய மூன்று நாள். பங்க் வகுப்பில் வரிசைக் கட்டிலில் படுத்துப் போகிறவர்களைக் கேட்டால் கடல் ஆட்டம் பற்றி என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். புதுச்சேரிப் பெண் ரூபா அழகிரிசாமியும் கேரளத்துத் தில்னாவும், கடற்படை அதிகாரிகள், 56 அடிப் பாய்மரப் படகில் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவில் கிளம்பி, கேப் ஹார்னைச் சுற்றி 2025 மே 29 அன்று திரும்பினார்கள். என் ஒரு ராத்திரியை அதோடு வைத்துப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது.

திரும்பும் வழியில் காற்று பின்னால் இருந்ததாலும் தீவின் மறைப்பு கிடைத்ததாலும் ஆட்டம் அடங்கிவிட்டது. சென்னை நெருங்கிய காலையில் வடக்கே எண்ணூர்ப் பக்கத்து அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் தெரிந்தன. பூண்டியைத் தாண்டி வரும் கொசஸ்தலையாறு அங்கேதான் கடலில் விழுகிறது. எங்கள் ஊர்ப் பக்கத்துத் தண்ணீர் எனக்கு முன்பே இந்தக் கடலுக்கு வந்துவிட்டிருக்கிறது என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. வீட்டுக்கு வந்தும் இரண்டு நாள், அரிசி களையும்போதெல்லாம் சமையலறைத் தரை லேசாகச் சாய்ந்தது. வீட்டுக்காரர் எலுமிச்சம்பழம் எடுத்து வந்து கொடுத்தார், ஒன்றும் சொல்லாமல்.

தனியாகப் போக நினைக்கும் வாசகர்கள் இரண்டு காரியம் செய்யுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடல் பக்கம் தேதி போடாதீர்கள். 2022 டிசம்பர் 9 இரவு மாமல்லபுரம் அருகே மாண்டஸ் புயல் கரையேறியதையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் சென்னையை மூழ்கடித்ததையும் நாம் மறக்கவில்லை. அந்த மாதங்களில் துறைமுகங்களில் புயல் கூண்டு எந்த வாரம் ஏறும் என்று யாராலும் சொல்ல முடியாது. அடுத்தது, கப்பல் ஏறிய முதல் மணியிலேயே உங்கள் தளத்தில் வேலை செய்யும் ஒருவரிடம் பெயரைச் சொல்லி, தனியாக வந்திருக்கிறேன், காலையில் ஒருமுறை கதவைத் தட்டிப் பார் தம்பி என்று கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்கவில்லை.

(அடுத்த வாரம்: காங்கேசன்துறையில் ஒரு பகல்)