எங்கே தோண்டுவது? குழாய்க் கேமரா சொல்வதும் சொல்லாததும்

வடகிழக்குப் பருவமழைக்கு இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. சேம்பர் நிரம்பிக் கழிவுநீர் குளியலறைக்குள் எதிர்த்து வருகிற காலம் அது. மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, புரசைவாக்கம் பக்கத்துப் பழைய வீட்டுக்காரர்களின் கடிதங்களில் ஒரே குழப்பம் திரும்பத் திரும்ப வருகிறது. குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்த்தாயிற்று, வீடியோவும் வாங்கியாயிற்று, அதை வைத்து எந்தத் தரையை உடைப்பது என்று தெரியவில்லை என்கிறார்கள். வீடியோவில் வேர் தெரிகிறது. ஆனால் அது அடுப்படிக்குக் கீழே இருக்கிறதா, வாசல்படிக்குக் கீழேயா என்று வீடியோ சொல்வதில்லை.

பழைய வீட்டின் தொல்லை பெரும்பாலும் இணைப்புகளில்தான். அன்று பதித்த ஸ்டோன்வேர் குழாய்கள் பெரும்பாலும் இரண்டடித் துண்டுகள். பின்கட்டிலிருந்து தெரு வரை 40 அடி என்றால் ஏறக்குறைய 20 இணைப்பு. ஒவ்வொன்றிலும் சணலைத் திணித்துச் சிமென்ட் கலவை பூசியிருப்பார்கள். கலவையில் மயிரிழை விரிசல் விழுந்தால் போதும், வேம்போ அரசோ ஈரத்தைத் தேடி வேரை உள்ளே விட்டுவிடும். உள்ளே போன வேர் துடைப்பம்போலப் பரந்து எல்லாவற்றையும் பிடித்து நிறுத்தும்.

கேமராக்காரர் திரையில் 23 அடி என்று ஓர் எண்ணைக் காட்டுவார். அது உள்ளே போன கம்பியின் நீளம் மட்டுமே. நடுவில் எத்தனை வளைவு, குழாய் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பது அந்த எண்ணில் இல்லை. பழைய வீடுகளுக்குக் குழாய் வரைபடமும் அநேகமாகக் கிடைக்காது. அந்த எண்ணை நம்பிக் கூடத்துத் தரையில் டேப் பிடித்து அளந்து உடைத்தவர்கள் எழுதிய கடிதங்கள்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தன.

இடத்தைக் கண்டுபிடிக்கும் வழி கேமராத் தலைக்குப் பின்னாலேயே இருக்கிறது. நல்ல கருவியில் அங்கே ஒரு சிறு கம்பிச்சுருள் உண்டு. நொடிக்கு 512 முறை முன்னும் பின்னுமாகத் திசை மாறும் காந்தப்புலத்தை அது உண்டாக்கும். இவ்வளவு தாழ்ந்த அதிர்வெண் மண், காரை மட்டுமல்ல, வார்ப்பிரும்புக் குழாயையும் தாண்டி மேலே வரும். தரையில் ஒருவர் அலைவாங்கியைக் குழாய் போகும் திசைக்கு இணையாகப் பிடித்துக்கொண்டு நடப்பார். நேர் மேலே வரும்போது ஒலி உச்சத்துக்குப் போகும். ஏமாற வைக்கும் இடமும் இதுதான். தாண்டி நடந்தால் ஒலி தேய்ந்து ஓரிடத்தில் அறவே நின்றுவிடும். இன்னும் நடந்தால் மறுபடி எழும்பும். அந்த இரண்டாவது உச்சம் போலி. அதன் வலு உண்மையான உச்சத்தில் ஐந்தில் ஒரு பங்குதான். ஆனால் முதலில் அந்தப் பக்கத்திலிருந்து நடந்து வந்தவருக்கு அதுவே உச்சமாகப் படும்.

நான்கடி ஆழத்தில் குழாய் இருந்தால் போலி உச்சம் ஏறத்தாழ ஐந்தடி தள்ளி விழும். சுற்றுச்சுவருக்கு உள்ளேயா வெளியேயா, செலவு யாருடையது என்ற வழக்கையே அந்த ஐந்தடி புரட்டிப் போட்டுவிடும்.

ஒலி அறும் புள்ளி உண்மையான உச்சத்துக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு உண்டு. அவற்றின் இடைவெளியை அளந்து 0.7ஆல் பெருக்கினால் குழாயின் ஆழம் வந்துவிடும். இடைவெளி 5 அடி 8 அங்குலம் என்றால் ஆழம் நான்கடி. காந்தப்புலத்தின் வடிவமே தரும் கணக்கு இது. சாக்பீஸும் டேப்பும் போதும், வீட்டுக்காரரே சரிபார்க்கலாம். சேம்பரில் தெரியும் குழாய் ஆழத்தோடு இந்த விடை சுத்தமாக ஒட்டவில்லை என்றால் கடப்பாரையை எடுக்க விடாதீர்கள். இரண்டு புள்ளிகளையும் காட்டச் சொல்லிக் கேளுங்கள். காட்ட மறுப்பவருக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

இதை இவ்வளவு வற்புறுத்தக் காரணம் உண்டு. அடைப்பு எங்கே என்று தெரியாதபோதுதான் ஓர் ஆளைக் குழிக்குள் இறக்குகிறார்கள். எல்லாம் இயந்திரமயமாகிவிட்டது என்று அதிகாரிகள் சொல்லும்போது, அடைப்பெடுக்கும் லாரி நுழையாத சந்துகளும் அதில் சேர்த்தியா என்று கேட்க வேண்டியிருக்கிறது. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் ‘அபாயகரமான துப்புரவு’ என்பதற்கான வரையறையைப் படித்துப் பாருங்கள். பாதுகாப்புக் கருவி தராமலும் முன்னெச்சரிக்கை எடுக்காமலும் ஆளைக் கொண்டு சுத்தம் செய்வதுதான் அதன்படி அபாயகரமானது. ஆள் இறங்குவதையே அது அப்படிச் சொல்லவில்லை. சாக்கடையில் இறங்கி மாண்டவர்களை இந்தத் தலைப்பில் தனியே வைத்துவிட்டு, கையால் மலம் அள்ளியதால் யாரும் சாகவில்லை என்று நாடாளுமன்றத்தில் ஒன்றிய அரசு பதில் சொல்லி வந்திருக்கிறது. சாக்கடைச் சாவுகளுக்கான இழப்பீட்டை 30 லட்சம் ரூபாயாக உயர்த்தி உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் தீர்ப்பளித்தது. அந்தச் சாவுகள் நிற்காததால்தான் அப்படியொரு தீர்ப்பு தேவைப்பட்டது.

இனி சில கேள்விகளும் சுருக்கமான பதில்களும். வீட்டுக்காரருக்கும் இந்தச் சட்டம் பொருந்துமா? பொருந்தும், முதல் குற்றத்துக்கே இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

தண்ணீர் தேங்கிய குழாயில் கேமரா வேலை செய்யுமா? கலங்கல் நீருக்குள் எதுவும் தெரியாது; முதலில் அடைப்பை எடுத்து நீரை வடியவிட வேண்டும்.

குழாயின் வாட்டம் தெரியுமா? அளவு தெரியாது, வடிந்த பிறகும் ஓரிடத்தில் மட்டும் நீர் நின்றால் அங்கே குழாய் தாழ்ந்திருக்கிறது.

ஆசிட் ஊற்றலாமா? வேண்டாம், ஸ்டோன்வேர் தாங்கும், இணைப்பிலுள்ள சிமென்ட் கரையும்.

மழை நாளில் மட்டும் எதிர்த்து வருகிறது, கேமரா உதவுமா? முதலில் மொட்டைமாடி மழைக்குழாய் உங்கள் சேம்பரில் விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் அதைப் பிரித்துவிடுங்கள்.

கேமராக்காரரிடம் என்ன வாங்கி வைப்பது? வெட்டாத முழு வீடியோவும் தரையில் போட்ட குறியின் போட்டோவும். சாக்பீஸ் குறி முதல் மழையிலேயே அழிந்துவிடும்.