ஒரே ரத்தம்... இரண்டு சோடியம் அளவு! ஐசியூ ரிப்போர்ட்டில் ஏன் இந்த வித்தியாசம்?

ஐசியூவில் இருக்கும் அப்பாவுக்கு காலை 6 மணிக்கு எடுத்த ரத்தத்தில் சோடியம் 133 என்கிறது ஒரு ரிப்போர்ட். அதே நேரத்தில் எடுத்த இன்னொரு ரிப்போர்ட்டில் 138. வெளியே காத்திருக்கும் குடும்பத்துக்கு முதலில் தோன்றுவது, 'லேப்ல மாத்திட்டாங்களோ?' என்ற சந்தேகம்தான்.

பெரும்பாலும் அப்படி இல்லை. இரண்டையும் அளந்த மெஷின்கள் வேறு.

ஐசியூவுக்குள்ளேயோ பக்கத்திலேயோ இருப்பது ஏபிஜி மெஷின். ரத்தத்தில் உள்ள ஆக்ஸிஜன், கார்பன் டை ஆக்ஸைடு அளவைப் பார்ப்பதுதான் இதன் முக்கிய வேலை. கூடவே சோடியம், பொட்டாசியத்தையும் சொல்லிவிடும். ரத்தத்தை அப்படியே அளப்பதால் சில நிமிடங்களில் விடை கிடைக்கும். மெயின் லேபிலோ ரத்தத்தை உறையவிட்டு, சுழற்றி, சீரத்தைப் பிரித்து, அதில் திரவம் சேர்த்து நீர்க்க வைத்துத்தான் அளப்பார்கள். சாம்பிள் போய், ரிப்போர்ட் வர ஒரு மணி நேரம்கூட ஆகலாம்.

வித்தியாசம் அந்த 'நீர்க்க வைப்பதில்'தான் இருக்கிறது. ரத்தத்தின் திரவப் பகுதியில் சுமார் 93 சதவிகிதம் தண்ணீர். மீதி பெரும்பாலும் புரதமும் கொழுப்பும். சோடியம் கரைந்திருப்பது தண்ணீரில் மட்டுமே. ஒரு கரண்டி ரசத்தில் பருப்பும் தக்காளியும் குறைவாக வந்தால், தண்ணீரும் அதிலுள்ள உப்பும் அதிகமாக வரும் இல்லையா? தீவிர நோயாளிகளுக்கு ஆல்புமின் என்ற புரதம் குறைவது சகஜம். ஆனால், லேப் மெஷின் தண்ணீரின் பங்கு எப்போதும் ஒன்றுதான் என்ற கணக்கில் அளப்பதால், சோடியத்தைக் கூட்டிக் காட்டிவிடும். ரத்தத்தில் கொழுப்பு மிக அதிகமாக இருந்தால் கதை தலைகீழ்.

'அப்போ ஏபிஜிதான் சரி' என்று முடிவுகட்டவும் முடியாது. பொட்டாசியத்தைப் பாருங்கள். இயல்பு அளவு 3.5 முதல் 5 வரைதான். ரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்தால், உள்ளே இருக்கும் பொட்டாசியம் கசிந்து அளவு ஏறிவிடும். லேபில் பிரித்த சீரம் சிவந்திருந்தால் டெக்னீஷியன் கண்டுபிடித்துவிடுவார். ஏபிஜி சிரிஞ்சில் இருப்பது முழு ரத்தம். அதில் இது கண்ணுக்குத் தெரியாது. ரத்தம் உறையாமல் இருக்க சிரிஞ்சில் விடும் ஹெப்பாரின் திரவம் அதிகமானாலும் அளவுகள் மாறும்.

இருந்தாலும் பொட்டாசியம் எகிறினால் இதயத் துடிப்பே நின்றுபோகும் ஆபத்து உண்டு. அங்கே ஒரு மணி நேரம் காத்திருக்க முடியாது. ஏபிஜி எண்ணையும் ஈசிஜியையும் வைத்து சிகிச்சையைத் தொடங்கிவிட்டு, லேப் ரிப்போர்ட்டில் உறுதி செய்துகொள்வார்கள்.

சோடியத்தில் நேர்மாறு, அங்கே நிதானம் வேண்டும். நாள்கணக்கில் குறைந்து கிடந்த சோடியத்தை 24 மணி நேரத்தில் 8 முதல் 10 வரைதான் ஏற்றலாம் என்பது பொதுவான வரம்பு. வேகமாக ஏற்றினால் மூளை நரம்புகளின் உறை சிதையலாம். காலையில் ஏபிஜியில் 118, மாலையில் லேபில் 124 என்றால், ஏறியது நிஜமாகவே 6 புள்ளிகளா, அதில் மெஷின் வித்தியாசம் எவ்வளவு? இந்தக் குழப்பமே வேண்டாம் என்பதற்காகத்தான், சோடியத்தைத் தொடர்ந்து கண்காணிக்கும்போது ஒரே வகை மெஷினில் பார்ப்பது நல்லது.

அடுத்த முறை இரண்டு தாள்களை ஒப்பிடும்போது, எண்ணைப் பார்ப்பதற்கு முன் மேலே 'ஏபிஜி' என்று இருக்கிறதா, 'பயோகெமிஸ்ட்ரி' என்று இருக்கிறதா என்று பாருங்கள். டூட்டி டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி, 'எந்த மெஷினை வைத்து ஃபாலோ பண்றீங்க?' என்பதுதான்.