சரக்கு கெட்டுப்போகுமா? தேதி பார்த்து வாங்குவது உங்கள் உரிமை

வெளிநாட்டில் இருக்கும் மகனோ மருமகனோ வாங்கிவந்த பெய்லிஸ் பாட்டில், மயிலாப்பூரிலும் அடையாறிலும் பல வீட்டு அலமாரிகளில் வருடக்கணக்கில் நிற்கும். "பழசாக ஆகத்தான் ருசி" என்று விட்டுவைப்பார்கள். அது பாலேடு சேர்ந்த பானம். ஆல்கஹால் 17 சதவீதம்தான். 25 டிகிரிக்குள் வைத்தால் 2 ஆண்டு தாங்கும் என்பது தயாரிப்பாளர் தரும் கணக்கு. சித்திரை வெயிலில் நம் ஊர் ஹால் எங்கே 25 டிகிரியில் இருக்கிறது? ஊற்றும்போது திரிதிரியாக விழுந்தாலோ, மூடி திறந்ததும் புளித்த வாடை அடித்தாலோ, விலையைப் பார்க்காமல் கொட்டிவிடுங்கள்.

விஸ்கி, பிராந்தி, ரம் அப்படியல்ல. நம் ஊர் பாட்டில்களில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். அந்தச் செறிவில் கிருமி வளராது. திறந்து வைத்தால் மணம் மெல்லக் குறையும், அவ்வளவுதான். ஆனால் பீப்பாயில் முதிர்வதுபோல் அது பாட்டிலுக்குள் முதிராது. திறந்த ஒயின், ஃப்ரிட்ஜில் வைத்தாலும் சில நாளில் காடியாகப் புளிக்கத் தொடங்கும்.

அதிகம் ஏமாறுவது பீரில். பெரும்பாலும் தயாரித்த நாளிலிருந்து 6 மாதம்தான் அதன் ஆயுள். வெப்பம் பட்டால் அதற்கு முன்பே சுவை கெடும். வெளிச்சம் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்து நாறும். பழுப்பு நிற பாட்டிலில் அடைப்பது அதனால்தான். பணம் கொடுக்கும் முன் லேபிளைத் திருப்பித் தேதியைப் படியுங்கள்.

மிக்சிங் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். பழைய சோடாவில் கேஸ்தான் போயிருக்கும். எலுமிச்சைச் சாறும் திறந்த பழச்சாறும் அப்படியில்லை. சரக்கு ஊற்றினால் கிருமி செத்துவிடும் என்ற நம்பிக்கை தவறு. கலந்து நீர்த்த மதுவுக்கு அந்தச் சக்தி கிடையாது. தி.நகர் பாரில் உட்கார்ந்தாலும், ஜூஸ் எப்போது திறந்தது என்று தயங்காமல் கேளுங்கள்.

கெட்டுப்போனது வேறு, விஷம் வேறு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது சாராயத்தில் கலந்த மெத்தனால். மது எத்தனை நாள் கிடந்தாலும் மெத்தனாலாக மாறாது, அது கலக்கப்படுவது. குடித்துப் பல மணி நேரம் கழித்துக்கூடப் பார்வை மங்கலாம், வயிறு வலிக்கலாம், மூச்சு வாங்கலாம். போதை தெளியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.

சட்டம் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. மதுவும் உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டதே. 2006-ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தின் 27-வது பிரிவு, காலாவதியான பொருளை விற்றவரையே பொறுப்பாளி ஆக்குகிறது. கடை அரசுடையது என்பதால் அந்தப் பொறுப்பு குறைந்துவிடாது. உணவுப் பாதுகாப்புத் துறைக்கு 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணில் படத்தோடு புகார் அனுப்பலாம். 1915 நுகர்வோர் உதவி எண். அங்கும் தீரவில்லையென்றால் 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே இல்லை. சரக்கு வாங்கியதற்குப் புகாரா என்று கூச்சப்பட்டு விட்டுவிடாதீர்கள். பில்லைக் கேட்டு வாங்குங்கள். சந்தேகம் வந்தால் மீதியைக் கொட்டாமல், லேபிளைக் கிழிக்காமல், மூடி பத்திரப்படுத்துங்கள்.