பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு விலை மதிப்பது

மாட்டுச் சந்தைக்குப் போயிருப்பவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். மாடு வாங்க வந்த குடியானவர் அதன் கொம்பில் பூசிய வண்ணத்தைப் பார்த்து மயங்குவதில்லை. வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறார், சுழி பார்க்கிறார், நாலடி நடத்திப் பார்க்கிறார். அதன் பிறகுதான் துண்டுக்கு அடியில் கைவிரலைப் பிடித்து விலை பேசத் தொடங்குகிறார். பழைய மோட்டார் கார் வாங்குகிறவர்களுக்கு இந்தக் குடியானவரே நல்ல ஆசான். அதிலும், கண்ட மாத்திரத்தில் மனத்தைப் பறிக்கும் ஸ்போர்ட்ஸ் காரை வாங்க நினைப்பவர் அவரிடம் இரண்டு முறை பாடம் கேட்க வேண்டும்.

ஸ்போர்ட்ஸ் கார் என்றால் பந்தயக் கார் என்று சிலர் எண்ணுகிறார்கள். இரண்டும் வேறு. பந்தயக் கார் தடத்தில் மட்டும் ஓடுவது. ஸ்போர்ட்ஸ் கார் பொதுச் சாலையில் ஓடுவது. ஆனால் எடை குறைந்தது, தரையோடு தாழ்ந்தது, வளைவில் சாயாமல் திரும்புவது, பெரும்பாலும் இருவர் மட்டுமே அமரக்கூடியது. வசதிக்காக அன்றி, ஓட்டுவதில் உள்ள மகிழ்ச்சிக்காகவே செய்யப்பட்டது.

நம் நாட்டில் இத்தகைய கார்கள் எக்காலத்திலும் அருமையாகவே இருந்தன. விடுதலைக்குப் பின் அன்னியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் வெளிநாட்டுக் கார்களின் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. ஆகவே முன்பே வந்திருந்த வண்டிகள் கைமாறிக் கைமாறி ஓடின. உதிரிப் பாகம் கிடைக்காதபோது கடைசல் பட்டறைகளில் புதிதாகக் கடைந்து பூட்டினார்கள். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமானத் தளத்தில் பல்லாண்டுகள் நடந்த பந்தயங்களிலும் இந்தக் கைத்திறனைக் கண்டவர் உண்டு. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தடம் அமைந்த பின்னரே சோழவரத்தின் காலம் முடிந்தது.

நீலகிரிக்கும் இந்த வரலாற்றில் பங்கு உண்டு. தோட்டத் துரைமார்கள், வெலிங்டன் படைத்துறை அதிகாரிகள், கோடையைக் கழிக்க வந்த சமஸ்தானத்து மன்னர்கள் ஆகியோர் மலைமேல் கார்களைக் கொண்டுவந்தார்கள். மைசூர் மன்னர்களின் கோடை மாளிகை உதகையை அடுத்த பெர்ன்ஹில்லில்தான் இருக்கிறது. அந்தப் பெர்ன்ஹில்லில், சில ஆண்டுகளுக்கு முன், ஒரு பழைய காரை மதிப்பிட நான் போக நேர்ந்தது. அன்று நான் சொல்லிக்கொடுத்ததும், கற்றுக்கொண்டதும் உங்களுக்குப் பயன்படக்கூடும்.

என்னிடம் இயந்திரவியல் படித்த மாணவர் ஒருவர் கோயம்புத்தூரில் வேலையில் இருந்தார். ஆறு ஆண்டுகளாகச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு தொகை சேர்த்திருந்தார். பெர்ன்ஹில்லில் ஒரு பங்களாக் கொட்டகையில் எம்.ஜி. டி.சி. வகைக் கார் விலைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டு, என்னையும் அழைத்துச் சென்றார். தோட்ட நிர்வாகியாக இருந்து காலமான ஒருவரின் மனைவி அதை விற்க இருந்தார். அந்தப் பணத்தை நம்பித்தான் அந்த அம்மையார் மகளின் ஊருக்குக் குடிபெயரக் காத்திருந்தார்.

டி.சி. என்பது இங்கிலாந்தில் ஆபிங்டன் என்னும் ஊரில் 1945 முதல் 1949 வரை செய்யப்பட்டது. மொத்தம் ஏறத்தாழ 10,000 வண்டிகளே செய்தார்கள். நான்கு சிலிண்டர், 1,250 கன சென்டிமீட்டர் கொள்ளளவு, 54 குதிரைத் திறன். கம்பிச் சக்கரங்கள் 19 அங்குலம். முக்கியமான செய்தி ஒன்று உண்டு. இதன் உடலுக்கு உள்ளே இருப்பது மரச் சட்டம். அதன்மேல் எஃகுத் தகடு போர்த்தியிருக்கிறது.

கொட்டகையைத் திறந்ததும் மாணவர் தம்மை மறந்துவிட்டார். "ஐயா, சிவப்பு வண்ணம் கண்ணாடி மாதிரி இருக்கிறதே! கேட்ட விலையைக் கொடுத்துவிடலாம்" என்றார். வண்ணம் கொம்புக்குப் பூசியது, முதலில் பல்லைப் பார்ப்போம் என்று சொல்லி வேலையைத் தொடங்கினோம்.

கடற்கரை ஊர்க் காரை உப்பு தின்னும். மலை ஊர்க் காரை ஈரம் தின்னும். நீலகிரியில் ஜூன் முதல் டிசம்பர் வரை இரண்டு பருவ மழையும் உண்டு. மூடுபனி எந்த மாதத்திலும் உண்டு. மண் தரைக் கொட்டகையில் நிற்கும் காரின் அடியில் ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும். ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றித் தகட்டின்மேல் நகர்த்தினோம். நல்ல எஃகில் காந்தம் பிடிக்கும். துரு தின்ற ஓட்டையைப் பட்டி வைத்து மூடியிருந்தால் அவ்விடத்தில் பிடி தளரும். சக்கரத்தின் மேல்வளைவில் மூன்று இடங்களில் தளர்ந்தது. பிறகு கதவைப் பாதி திறந்து மேலே தூக்கிப் பார்த்தோம். இரண்டு விரற்கடை ஆடியது. கதவைத் தாங்கும் மரத்தூண் இற்றுவிட்டது என்று பொருள். தரை விரிப்பை நீக்கிக் கூரிய ஊசியால் குத்தினால், ஊசி வெண்ணெயில் இறங்குவது போல் மரத்தில் இறங்கியது. அதன்பின் சக்கரக் கம்பிகளை ஒரு கரண்டியால் ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்டோம். இறுக்கமான கம்பி மணிபோல ஒலிக்கும். தளர்ந்தது மொத்தென்று ஒலிக்கும். ஒலிக்காதவை பல.

இனி இயந்திரம். நாங்கள் கொண்டுபோன பேட்டரியால் அதைச் சுழலவிட்டு, ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தமானியைப் பொருத்தினோம். புத்தகத்தில் கண்ட அழுத்தத்தைவிட ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைவாகவே காட்டியது. மாணவரின் முகம் வாடியது. நானோ, "கவலை வேண்டாம், நாம் எங்கே நிற்கிறோம் என்று நினைத்துப் பாருங்கள்" என்றேன்.

பெர்ன்ஹில் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில் உள்ளது. இங்கே காற்றின் அழுத்தம், சென்னைக் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குதான். இயந்திரம் உறிஞ்சும் காற்றே மெலிந்திருக்கும்போது, அதை அமுக்கினால் கிடைக்கும் அழுத்தமும் குறையத்தானே செய்யும்? ஆகவே மலையில் எண்ணின் அளவைப் பார்ப்பதைவிட, சிலிண்டர்களுக்கு இடையே உள்ள வேற்றுமையைப் பார்க்க வேண்டும். நான்கும் பத்தில் ஒரு பங்குக்குள் ஒத்திருந்தால் நலம். இதில் ஒத்திருந்தன.

பிளக்குகள் கரி படிந்து கறுத்திருப்பதற்கும் இதே காரணம் இருக்கலாம். சமவெளிக்கு ஏற்ப அமைத்த கார்புரேட்டர் மலையில் காற்றுக்கு மிஞ்சிய பெட்ரோலைக் கொடுக்கும். மலைக்கு ஏற்பக் குறைத்து அமைத்ததை அப்படியே மேட்டுப்பாளையத்துக்கு இறக்கினால், அங்கே பெட்ரோல் போதாமல் இயந்திரம் சூடேறித் தட்டும். எனவே மலைக் காரை மலையில் ஒரு முறையும், சமவெளியில் ஒரு முறையும் சோதித்தல் நன்று. பிரேக்கைப் பழுது பார்க்காமல் மட்டும் குன்னூர் மலைப்பாதையில் இறங்கிவிடக் கூடாது. கீழே போய்ச் சேரும்வரை கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். பிரேக் சூடேறினால் பிடிப்புத் தளரும்.

இத்தனையும் பார்த்த பின் விலை மதிப்பது எப்படி? முழுமையாகச் சீராக உள்ள அதே வகைக் காரின் விலையை நூறு பங்கு என்று வைத்துக்கொள்வோம். மரமும் தகடும் புதுப்பிக்க 25, வண்ணத்துக்கு 8, சக்கரம் டயருக்கு 7, பிரேக்குக்கு 5, இருக்கை, துணிக் கூரைக்கு 5. ஆக 50 கழிந்தது. கழற்றும்போது தெரியவரும் பழுதுகளுக்கென்று இன்னும் 10 கழிப்பது அறிவுடைமை. இந்த எண்கள் அந்தக் காருக்கு நாங்கள் போட்ட கணக்கு. முறைதான் எல்லாக் காருக்கும் பொது. இக்கணக்கைப் போடாமல் வாங்குகிறவர் கதை, சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம் என்று முடியும்.

இன்னொரு கழிவும் இருந்தது. "ஒரு முறை எஞ்சினைக் கழற்றிக் கோயம்புத்தூருக்கு அனுப்பினார், தம்பி. அவர்கள் வேறு எஞ்சினை வைத்துவிட்டார்களோ என்னவோ" என்று அந்த அம்மையார் கூறியிருந்தார். பழைய காரில் பிறந்தபோது இருந்த இயந்திரமே இருந்தால் மதிப்பு அதிகம். மாறியிருந்தால் மேலும் 20 கழிக்கலாம் என்று எண்ணினோம். மிஞ்சியது 20 பங்கு. மாணவர் அதைச் சொன்னபோது, "நீங்கள் பார்த்துக் கொடுப்பதுதான்" என்று சொல்லிவிட்டு, அந்த அம்மையார் தேநீர் போட உள்ளே சென்றார்.

அந்த நேரத்தில் நான் விளக்கைப் பிடித்து, இயந்திரத்தின் பக்கத்தில் எண்ணெய்ப் பிசுக்கேறிய தகட்டைத் துடைத்தேன். எண் தெரிந்தது. காரின் பலகையில் ஆலை பொருத்திய தகட்டிலும் அதே எண். மாறவே இல்லை! கோயம்புத்தூரில் அதைப் பழுது பார்த்துத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். காரின் மதிப்பு ஒரு நொடியில் 20-லிருந்து 40 ஆயிற்று.

மாணவர் தணிந்த குரலில், "ஐயா, அவர்களுக்கு இது தெரியாது" என்றார். நான் உடனே மறுமொழி சொல்லவில்லை. ஆறு ஆண்டுச் சேமிப்பு என் கண்முன் நின்றது; அவர் என் மாணவர் என்ற பாசமும் இருந்தது. அந்த மௌனத்தை எண்ணி இன்றும் வெட்கப்படுகிறேன். அம்மையார் தேநீருடன் வந்தார். மாணவர் தட்டை வாங்கி வைத்துவிட்டு, "அம்மா, நான் சொன்ன விலை தவறு. எஞ்சின் இந்தக் காரினுடையதுதான். இதன் மதிப்பு நான் சொன்னதைப்போல் இரு மடங்கு" என்றார். பதிவுப் புத்தகத்தை எடுத்து வரச் சொல்லி, மூன்றாம் முறையும் எண்ணை ஒத்துப் பார்த்தார். கையிலிருந்த பணம் போதவில்லை. மீதியை நான்கு மாதத்தில் தருவதாக எழுதிக் கொடுத்தார், சொன்னபடி தந்தார்.

மாணவ நண்பர்களே, இயந்திர எண்ணுக்கு இத்தனை மதிப்பு ஏன் என்று கேட்கலாம். இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று சட்டம். பதிவுப் புத்தகத்தில் உள்ள இயந்திர எண்ணும் சேஸிஸ் எண்ணும் வண்டியில் உள்ளவற்றோடு ஒத்திருக்க வேண்டும்; உரிமை மாற்றத்துக்கு 29, 30 ஆம் எண் படிவங்கள் வேண்டும். 2021-இல் வந்த மத்திய விதி, முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த கார்களைப் பழம்பெரும் வண்டிகளாக ஏற்று, 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு தனிப் பதிவு தருகிறது. சேஸிஸ், உடல், இயந்திரம் ஆகியவற்றில் பெரிய மாறுதல் செய்யாதிருந்தால்தான் அப்பதிவு கிடைக்கும்.

இரண்டாவது காரணம் வரலாறு. 1955-இல் இரண்டே இரண்டு செய்யப்பட்ட மெர்சிடிஸ் பென்ஸ் 300 எஸ்.எல்.ஆர். கூப்பே ஒன்று, 2022 மே மாதத்தில் 13.5 கோடி யூரோவுக்கு விலைபோயிற்று. அதன் இரும்பின் எடைக்கா அந்த விலை? அது இன்ன கார், இன்னார் கையில் இப்படி இருந்தது என்று ஐயமின்றிச் சொல்ல முடிந்ததற்கும் அதில் பெரும் பங்கு உண்டு. பழைய பொருளின் விலையில் பாதி, அதைப் பற்றிய உண்மையின் விலை. அந்த உண்மையை விற்பவர் மறைத்தாலும், வாங்குபவர் மறைத்தாலும், மதிப்பிட வந்தவர் மறைத்தாலும் கணக்கு பொய்யாகிவிடும்.

அந்தக் கார் இப்போது கோயம்புத்தூரில் ஓடுகிறது. புது மரச் சட்டம் செய்ய இரண்டு ஆண்டுகள் ஆயின. என் மாணவர் அதில் என்னை ஒரு முறை அழைத்துச் சென்றபோது, முன்தகட்டில் அந்தத் தோட்ட நிர்வாகி ஒட்டிவைத்திருந்த சிறு படம் அப்படியே இருப்பதைக் கண்டேன். எல்லாவற்றையும் புதுப்பித்தவர் அதை மட்டும் தொடவில்லை.